வெளியே வைத்த பெட்டி

டெப்ரெட்சென், ஹங்கேரி
6 அக்டோபர் 2024

அன்புள்ள தஸ்லிமா,

வாட்ஸ்அப்பில் என்னை அடைத்துவிட்டாய். போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மெயிலை மட்டும் அடைக்க மறந்திருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். நலமா என்று விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

நம் கல்லூரி ஒரு பருவத்துக்கு இங்கே அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. விடுதி அறையில் இரண்டு கட்டில். ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு என்று நாம் கோவில்பட்டியிலேயே பங்கு பிரித்துக்கொண்டோமே, அதில் இப்போது சேலம் கல்லூரியிலிருந்து வந்த பிரித்திகா என்ற பெண் படுக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் அவள் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

போன வாரம் மண்ணியல் வகுப்புக்காக ஊருக்கு வெளியே ஒரு வயலில் ஆளுயரக் குழி வெட்டி எங்களை இறக்கினார்கள். பேராசிரியர் சுவரைத் தட்டிக் காட்டி, "இது கறுப்பு மண், உலகத்திலேயே நல்ல மண்" என்றார். நான் ஒரு பிடி எடுத்து ஈரப்படுத்தி உருட்டிப் பார்த்தேன். உருண்டது, ஆனால் கையை விட்டுவிட்டது. நம் கரிசல் என்றால் ஒரு மழைக்குப் பிறகு காலில் கிடக்கும் செருப்பையே திருப்பித் தராது. "எங்கள் ஊரில் இதைவிடக் கறுப்பு" என்று சொன்னேன். அவர் சிரித்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னைக் கிள்ளியிருப்பாய்.

எதை எழுத உட்கார்ந்தேனோ அதை விட்டுவிட்டு என்னென்னவோ எழுதுகிறேன். செப்டம்பர் இரண்டாம் தேதி இங்கே பெட்டியைத் திறந்தபோது, என் நீல ஃபைலுக்குள் உன்னுடைய அசல் சேர்க்கைக் கடிதம் இருந்தது. முத்திரை குத்திய அந்த ஒரே தாள். அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். "ஃபைலைப் பார்த்துட்டேன், இல்லைன்னு சொன்னியே?" என்று ஒரே வரி எழுதினாய். அதோடு சரி.

தவறுதலாக நடந்துவிட்டது தஸ்லி. மன்னித்துவிடு.

செல்வமாரி

பி.கு: மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

*

கோவில்பட்டி
13 அக்டோபர் 2024

செல்வமாரி,

மெயிலை அடைக்க நான் மறக்கவில்லை. கல்லூரியிலிருந்து ஏதாவது வரும் என்று விட்டுவைத்தேன். வந்தது நீதான்.

"தவறுதலாக" என்று எழுதியிருக்கிறாய். ஜெராக்ஸ் கடையில் என் தாள் உன் ஃபைலுக்குள் போனது தவறுதல். ஒரே நிறத்தில் இரண்டு ஃபைல் வாங்கியது நாம் இருவரும்தான், அதில் உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை மதியம் நான் போன் பண்ணினேன். "ஏட்டி, என் அசல் கடுதாசியக் காணோம், நாளைக்கு விசா ஆபீஸ்ல கேப்பாவ, உன் ஃபைல்ல இருக்கான்னு பாரு" என்று கெஞ்சினேன். பத்து நிமிஷம் கழித்து நீ கூப்பிட்டு, "பார்த்துட்டேன், இல்லட்டி" என்றாய். இதுவும் தவறுதலா?

சென்னையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கேட்டுக்கொள். நகலைக் காட்டினேன். அந்த அம்மாள் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் தலையை ஆட்டினாள். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் என்றாள். அதற்குள் அங்கே பதிவு முடிந்துவிட்டது. அத்தா வெளியே வெயிலில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். திரும்பி வரும் ரயிலில் மதுரை வருகிற வரைக்கும் அந்தப் பழத்தை மடியிலேயே வைத்திருந்தார். மதுரையில் பழத்தை நீட்டி, "சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

நமக்கென்று அத்தா, பயணப் பெட்டிகள் விற்கும் தன் கடையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு நீலப் பெட்டி எடுத்து வைத்தாரே, ஒன்று உன்னோடு கடல் தாண்டிவிட்டது. இன்னொன்றை மறுபடியும் விற்பனைக்கு வைக்க மனமில்லாமல் என் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறார். வீட்டைக் கூட்டும்போதெல்லாம் துடைப்பம் அதில் முட்டுகிறது.

ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நீ ஃபைலைப் பார்த்தாயா, பார்க்கவில்லையா? அதற்கு மட்டும் பதில் எழுது. மண் கதை எனக்கு வேண்டாம்.

தஸ்லிமா

*

டெப்ரெட்சென்
20 அக்டோபர் 2024

தஸ்லி,

பார்க்கவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. இனி மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லுவது தப்பித்துக்கொள்வதற்காக இல்லை.

நான் கிளம்பிய சனிக்கிழமை நாள் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார். விமான டிக்கெட்டை மாற்ற முடியாது. அதனால் அம்மா பரஸ்தானம் வைத்தாள். நீ கேள்விப்பட்டிருப்பாயோ என்னவோ. கிளம்பும் நாள் நன்றாக இல்லையென்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நாளில் பயணப் பெட்டியை மட்டும் வீட்டைவிட்டு வெளியேற்றி வேறு ஒரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்ட மாதிரி கணக்கு. அதன் பிறகு பெட்டி வீட்டுக்குத் திரும்பக் கூடாது, திறக்கவும் கூடாது. திறந்தால் பயணம் கலைந்துவிடும் என்பார்கள்.

நீ போன் பண்ணியதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலையிலேயே என் பெட்டி கோவில்பட்டியில் ராஜமணி சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டது. ஃபைல் அதற்குள்தான். நீ போன் பண்ணியபோது நான் விளாத்திகுளம் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தேன். அம்மாவிடம் கேட்டேன். "வெளியில வச்ச பெட்டியத் திறக்கப்படாதுட்டி. கடல் தாண்டிப் போற பிள்ள." என்றாள். உனக்கு எங்கள் முத்துமணி அண்ணனைத் தெரியும். திருப்பூர் வேலைக்குக் கிளம்பின அன்றைக்குச் சார்ஜரை எடுக்க வாசலோடு திரும்பி வந்தான். அடுத்த பஸ்ஸில் போனான். அந்த பஸ் கவிழ்ந்துதான் அவன் கால் இப்படி ஆனது. அன்றிலிருந்து யாருக்குப் பயணம் என்றாலும் அம்மா நாள் பார்க்காமல் விடமாட்டாள்.

நான் சண்டை போட்டிருக்கலாம். சித்தப்பாவுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பஸ் ஏறினால் கோவில்பட்டி ஒரு மணி நேரம். எல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு, உன் தாள் உன் வீட்டிலேயே எங்காவது கிடக்கும், கடைசி நேரத்தில் கிடைத்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அம்மா சொன்னது "திறக்காதே" என்பது மட்டும்தான். "பார்த்துட்டேன், இல்லை" என்று சொல்லச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பொய் முழுக்க என்னுடையது.

நீ இனிமேல் எழுதாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இங்கே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இல்திகோ என்று ஒரு அம்மா இருக்கிறார். நாளைக்கு அவரைப் போய்ப் பார்க்கிறேன். என்ன கேட்கப் போகிறேன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

செல்வமாரி

*

கோவில்பட்டி
17 டிசம்பர் 2024

செல்வமாரிக்கு,

எட்டு வாரமாக நான் பதில் எழுதவில்லை. எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பயந்து சும்மா இருந்தேன். இப்போதும் முழுசாக ஆறிவிடவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது சேர்ந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் உன் இல்திகோவிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. "உங்கள் அசல் கடிதம், பயணத்துக்கு முன் பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற குடும்ப வழக்கம் காரணமாக, எங்கள் மாணவி செல்வமாரியின் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது என அறிகிறோம். தவறு முழுவதும் தன்னுடையது என்று அவர் எழுத்தில் தந்திருக்கிறார். ஆகவே உங்கள் இடத்தைப் பிப்ரவரி பருவத்துக்கு மாற்றித் தருகிறோம்." அத்தா இதை மூன்று தடவை தமிழில் சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை, "பெட்டிக்குள்ள பூட்டியிருந்துச்சுன்னு வெள்ளக்காரன் எழுதிட்டானா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீ ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த அலுவலக வாசலில் போய் நின்றாய் என்று பிரித்திகா எனக்கு எழுதினாள். என் மெயில் முகவரியை உன் போனிலிருந்து எடுத்தாளாம். அவளைத் திட்டாதே.

அடுத்தது உன் அம்மா. போன வாரம் இங்கே பேய்மழை. மறுநாள் தெருவெல்லாம் சேறு. காலை பத்து மணிக்குக் கடை வாசலில் முழங்கால் வரைக்கும் கரிசலோடு உன் அம்மா நிற்கிறார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. கடைக்குள் ஏறவில்லை. அங்கன நின்றுகொண்டே அலமாரியில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, பிள்ள படிப்ப நாந்தான் நிறுத்திப்புட்டேன். எம்மவ போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. இத்தன நாளா எனக்குத் தெரியாது" என்றார்கள்.

அத்தா பதறிப்போய், "ஒரு பருவந்தானம்மா, பிப்ரவரில போறா. உள்ள வாங்க, டீ சொல்லுதேன்" என்றார்.

"காலு பூரா மண்ணு."

"மண்ணு என்ன செய்யும்? வாங்கம்மா."

நான் உள்ளேயிருந்து வந்தேன். கோபமாகத்தான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி தஸ்லி, உன் தாளு அதுக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா, எம்மவ பயணம் கலைஞ்சாலும் போகுதுன்னு திறந்திருப்பேன் தாயி" என்றார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பிறகு மஞ்சள் பையை என்னிடம் கொடுத்தார்கள். நிறைய அதலைக்காய். மழைக்கு முன்னால் வரப்பில் பறித்ததாம். உளுந்து எல்லாம் தண்ணீரில் நிற்கிறது, மிளகாய்ச் செடி தப்பித்துவிடும் என்றார்கள். இதையெல்லாம் அவர்கள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அம்மா அதலைக்காயைப் பார்த்துவிட்டு உன் அம்மாவை விடவே இல்லை. கருவாடு போட்டுக் குழம்பு வைத்து, உட்காரவைத்துச் சாப்பிடவைத்துத்தான் பஸ் ஏற்றினாள். போகும்போது உன் அம்மா, "அடுத்த தடவ என்னைக்குக் கிளம்புதே? எனக்கு ஒரு வார்த்த சொல்லு" என்றார்கள்.

பரஸ்தானத்தைப் பற்றிக் கேலி பண்ணி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதாமல் என் அம்மா என்னை டியூஷனுக்குக்கூட அனுப்பியதில்லை. நான் யாரைக் கேலி பண்ண?

நன்றி செல்வி. உன் மேல் கோபம் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இடித்துக்கொண்டு கிடக்கின்றன.

விசாவுக்கு மறுபடியும் கொடுத்திருக்கிறேன். துஆ செய். உன் சாமியிடமும் சொல்லி வை.

தஸ்லிமா

*

டெப்ரெட்சென்
6 ஜனவரி 2025

அன்புள்ள தஸ்லி,

நீ "செல்வி" என்று எழுதியிருந்த இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று பிரித்திகாவிடம் கேள்.

இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. அதோடு என் பருவம் முடிகிறது. இங்கே எல்லாரும் பரீட்சை முடிந்ததும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்புகிறார்கள். பிரித்திகா என்னையும் கூப்பிடுகிறாள். புடாபெஸ்ட், வியன்னா, வெனிஸ், ரோம். அப்படியே ரோமிலிருந்து சென்னைக்கு விமானம்.

நம் வழிதான் தஸ்லி. உங்கள் கடைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாம் இரண்டு பேரும் போட்ட அதே வழி. அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. "வெனிஸில் படகில் ஏற வேண்டாம், பாலத்தில் நின்று பார்த்தால் போதும்" என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் போக மனமில்லை. நீ இல்லாமல் அதில் போனால், உன்னுடையதை இரண்டாவது தடவையும் எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். நேராக ஊருக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

விசா என்ன ஆயிற்று? இதைக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன்.

செல்வி

*

கோவில்பட்டி
9 ஜனவரி 2025

ஏட்டி செல்வி,

விசா வந்துவிட்டது!

பாஸ்போர்ட்டை அத்தா கடையில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். பெட்டி வாங்க வந்தவர் ஒருவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாராம். நீலப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. பிப்ரவரி 4 இரவு ரயில், 5 இரவு விமானம்.

இப்போது உன் விஷயம். நீ போகாமல் ஊருக்கு வந்து என் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாய் என்றால் மறுபடியும் அடைத்துவிடுவேன், இந்தத் தடவை மெயிலையும் சேர்த்து. போ. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போ. ஒரே ஒரு நிபந்தனை. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிடாதே. ஊருக்கு ஒன்று எனக்கென்று மிச்சம் வை. அதன் வாசல் வரைக்கும் போ, உள்ளே போகாதே. நான் வந்து பார்த்துவிட்டு உனக்குச் சொல்கிறேன்.

படகிலும் ஏறிவிடாதே.

தஸ்லி

*

வெனிஸ்
27 ஜனவரி 2025

அன்புள்ள தஸ்லி,

ஒரு பாலத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படகில் ஏறவில்லை.

நீ போட்ட நிபந்தனையால் பிரித்திகாவுக்கு என் மேல் கொலைவெறி. வியன்னாவில் பெரிய அரண்மனை. வாசல் வரைக்கும் போய், "நீ பார்த்துட்டு வா, இது என் சிநேகிதிக்கு" என்று நான் வெளியே பனியில் நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தவள், என் மூக்கு சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?" என்றாள். புடாபெஸ்டில் உனக்கு வைத்திருப்பது ஆற்றங்கரைச் சந்தை. கூரை போட்ட பெரிய சந்தை. வெளியிலிருந்தே மிளகாய் வத்தல் மாலைகள் தொங்குவது தெரிந்தது. எங்கள் குண்டு குண்டான முண்டு வத்தலைப் பார்த்தவளுக்கு உள்ளே போகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் போகவில்லை. வெனிஸில் உனக்கு ஒரு கண்ணாடி ஊதும் பட்டறை. கதவிடுக்கு வழியாகச் சூடு மட்டும் என் முகத்தில் அடித்தது. அதை எடுத்துக்கொண்டேன், மன்னித்துவிடு.

இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் தண்ணீர். ஆனால் வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு இங்கேயும் தெருக்குழாய்தான். நான் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். குடத்தோடு நீ நிற்பாயே, அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டெப்ரெட்செனைவிட்டுக் கிளம்பும் முன் இல்திகோ அம்மாவைப் பார்க்கப் போனேன். முதல் தடவை போனபோது பரஸ்தானத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மேஜைமேல் இருந்த பேனாப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே வைத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் வெள்ளிக்கிழமை எதையும் ஆரம்பிக்க விடமாட்டார் என்றார். அன்றைக்கு அவர் சிரித்திருந்தால் நான் மறுபடியும் அந்த வாசலுக்குப் போயிருக்க மாட்டேன். நன்றி சொல்ல வார்த்தை தெரியாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பொடியில் பாதியைக் கொடுத்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் ஐந்து நிமிஷம் அலுவலகம் நடக்கவில்லை.

அவரிடம் உனக்கு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். என் பனிக்கோட்டு, பூட்ஸ், மீதி மிளகாய்ப் பொடி. மேலே உன் பெயர். இந்தச் சுற்றலுக்கு எனக்குப் பிரித்திகாவின் பழைய கோட்டு போதும். அப்புறம் ஜன்னல் பக்கத்துக் கட்டில். பிரித்திகா காலி செய்துவிட்டாள். அதைத்தான் உனக்குத் தர வேண்டும் என்று இல்திகோவிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

உன் இடத்தில் நான் ஐந்து மாதம் இருந்த மாதிரியேதான் இருந்தது தஸ்லி. நான் பார்த்த பனி, படித்த பாடம், ஏறின ரயில் எல்லாவற்றிலும் பாதி உன்னுடையது. நீ மன்னித்தாயா என்று கேட்க மாட்டேன். போகச் சொன்னாயே, அது போதும். நன்றி.

5-ம் தேதி காலை நான் சென்னையில் இறங்குகிறேன்.

செல்வி

*

கோவில்பட்டி
3 பிப்ரவரி 2025

அன்புள்ள செல்வி,

நீ இதை ரோமில் படிப்பாய் என்று நினைக்கிறேன். நாளைக்கு ரயில். எழுத நேரமே இல்லை, ஆனால் இதை எழுதாமல் கிளம்ப முடியாது.

தேதி சொன்னவுடனேயே உன் அம்மா போனில், "செவ்வாக்கெழமையா? வடக்க சூலமாச்சே" என்றார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜமணி சித்தப்பாவின் பைக்கில் வந்து இறங்கிவிட்டார்கள். "அண்ணாச்சி, உங்க வீட்டுல இதெல்லாம் கெடயாதுன்னு தெரியும். எம்மனசுக்காவ. பிள்ள பெட்டிய நான் எடுத்துட்டுப் போய் வச்சுக்கிடுதேன்" என்றார்கள். அத்தா அம்மாவைப் பார்த்தார். "அவிய மனசு ஆறட்டும். பெட்டி எங்கன இருந்தா என்ன" என்றாள் அம்மா. ஓதி, பெட்டியின் மேல் ஒரு தடவை ஊதியும் விட்டாள். அதையும் உன் அம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள்.

நான் நம்பர் பூட்டைப் போடப் போனேன். உன் அம்மா என் கையைத் தட்டிவிட்டார்கள். "பூட்டு வேண்டாம்."

அப்படித்தான் என் பெட்டி உன் சித்தப்பா வீட்டுக்குப் போனது.

இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லூரியிலிருந்து போன். இன்சூரன்ஸ் தாளின் அசலை ஐந்து மணிக்குள் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் டெப்ரெட்சென் பதிவில் என் பெயர் ஏறாது. தாள் எங்கே? நீலப் பெட்டிக்குள், நீல ஃபைலில்.

செல்வி, அப்போதுதான் எனக்கு உன் ஆகஸ்ட் 27 புரிந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "பெட்டியைத் திறங்கள்" என்று உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? கல்லூரிக்கே போன் பண்ணி, "தாள் சென்னையில் இருக்கிறது, நாளைக்கு அனுப்புகிறேன்" என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அது எவ்வளவு சுலபமாக வருகிறது!

பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"வை தாயி, வாரேன்" என்றார்கள்.

இருபது நிமிஷத்தில் வாசலில் பைக் சத்தம். பின்னால் உன் அம்மா. முந்தானையில் எதையோ பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்கள். பிரித்தால், என் ஃபைல். அது மட்டுமில்லை. மாத்திரைச் சீட்டு, ஸ்வெட்டர் வாங்கின பில், எனக்குத் தங்கை அஃப்ஷான் எழுதிக் கொடுத்த வாழ்த்து அட்டை, பிஸ்கட் பாக்கெட்டின் அட்டைப்பெட்டி. எழுத்து இருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"எது எதுன்னு எனக்குத் தெரியல. கொழுந்தன் படிச்சுப் பாக்கேன்னாரு. அவரு படிச்சு முடிக்கறதுக்குள்ள மணி ஆயிப்போவும்னு எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். பாரு, இருக்கா?"

"இருக்கு அத்தை" என்றேன்.

"நல்லாப் பாரு. பார்த்துட்டுச் சொல்லு."

பார்த்தேன். இருந்தது. ஐந்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் உன் அம்மா உட்கார்ந்தார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். நான், "பெட்டியைத் திறந்துட்டீங்களே அத்தை, பயணம்..." என்று ஆரம்பித்தேன்.

"நாந்தானே திறந்தேன். சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் திறந்தேன். கோவம்னா எம்மேல வரட்டும், நீ போயிட்டு வா" என்றார்கள்.

அத்தா கடைப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதேன். நீ இருந்தால் கேலி பண்ணியிருப்பாய்.

உன் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை காலை நான் எழும்பூரில் இறங்கி, நேராக விமான நிலையத்துக்கு வந்து வாசலில் நிற்பேன். உன் நீலப் பெட்டியும் என் நீலப் பெட்டியும் மறுபடியும் மாறிவிடாமல் இருக்க, என் பெட்டியின் கைப்பிடியில் உன் அம்மா மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். நீ சாயங்கால ரயிலுக்கு, நான் இரவு விமானத்துக்கு. நடுவில் ஒரு பகல் நமக்கு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உன் சித்தப்பா சொன்னார். பெட்டிக்குப் பூட்டில்லை என்பதால் உன் அம்மா வெள்ளிக்கிழமையிலிருந்து ஊருக்கே போகவில்லையாம். என் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, ஒரு கையை அதன் மேல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்களாம். சரியான தூக்கம் இல்லை. நீ வீடு போய்ச் சேர்ந்ததும் முதலில் அவர்களைத் தூங்கச் சொல். பெட்டியும் நானும் நல்லபடியாகக் கிளம்பிவிட்டோம் என்றும் சொல்.

உன்
தஸ்லி